பாவின் அடியில் வந்த நல்ல பாம்பு

அன்புள்ள அம்மாவுக்கு, செண்பகம் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஆரணியில் தறியில் ஏற்றும் முன் பட்டுப் பாவை, அதாவது நீள நூல்களை, தெருவில் நீட்டித்தான் இழை சரிபார்ப்பார்கள். நேற்றுக் காலை பாவின் ஒரு முனையில் உள்ள கோலை நான் பிடித்திருந்தேன். வேலியோரமிருந்து வந்த நல்ல பாம்பு பாவின் அடியில் படமெடுத்து நின்றது.

"ஆடாம நில்லும்மா. அது பாட்டுக்குப் போய்டும். பாவ உட்டுடாத" என்றார் எதிர்முனையில் இருந்த காத்தாயி அக்கா.

இழைகளின் நிழல் அதன் படத்தில் கோடுகோடாக விழுந்தது. யாரோ அதையும் நெய்வதுபோல் இருந்தது. கோலை இறுக்கிப் பிடித்தபடி பார்த்தேன். பிறகு அது படத்தைச் சுருக்கிப் புதருக்குள் போய்விட்டது.

ஓர் இழைகூட அறுந்துபோகவில்லை. என் விரல்கள்தான் கோலை விடவில்லை. அக்கா வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

அங்கே உப்பளத்தில் வேலை செய்தபோது போட்ட என் பூட்ஸைத் தூத்துக்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் அனுப்புங்கள். இனி தினமும் பாவு பிடிக்கும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். இங்கே வந்த நாலு மாதத்தில் ஒருவர் என் கையைத் தொட்டது நேற்றுதான், அம்மா.

செண்பகம்