பின்பக்கம் போன திசை

வவுனியா
9.2.1982

அன்புள்ள நடராசா அண்ணனுக்கு,

நானும் ராக்காயியும் சுகம். உங்களையும் விமலேஸ்வரி அக்காவையும் முருகன் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

வெள்ளைக்காரன் திருகோணமலையில் விட்டுப்போன பாய்வள்ளத்தை நீங்கள் வாங்கியதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கோபமும் இருக்கிறது. மூன்று நாள் குனிந்து கிடந்து அதற்கு டீசல் எஞ்சின் பூட்டிவிட்டு வந்தேன். நான்காம் நாளே எஞ்சினுக்கு மேல் கருவாட்டுச் சாக்கு அடுக்கிவிட்டீர்களாம். உங்கள் வள்ளத்தில் வேலைக்கு நிற்கிற வீரபாகு எழுதியிருக்கிறான். கருவாட்டு உப்புக் கசிகிற எஞ்சினை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. முல்லைத்தீவுக் கரையில் நீங்கள் ஓடிப் பழகிய வள்ளம் முழு வேகத்தில் வந்து மணலில் ஏறி நிற்கும். இது பன்னிரண்டு தொன். காற்று விழுந்தால் ஓடவும் துறைக்குள் நுழையவும்தான் எஞ்சின். பிரேக் கிடையாது. வள்ளம் கட்டுகிற ஜெற்றிக்கு முந்நூறு அடி முன்னமே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ரிவேர்ஸில் தண்ணீருக்கடியில் விசிறி சுற்றினால் பின்பக்கம் எப்போதும் இடப்பக்கம் இழுபடும், முன்பக்கம் வலப்பக்கம் திரும்பும். அந்த நேரம் சுக்கான் சொல்வழி கேட்காது. அதனால் வள்ளத்தின் இடப்பக்கத்தையே ஜெற்றிக்குக் கொடுங்கள், பின்பக்கம் தானாக வந்து அணையும். வீரபாகுவுக்கும் இதைச் செய்து காட்டினேன். ராக்காயிக்கு அவன் ஒரே தம்பி. உங்களை நம்பித்தான் வள்ளத்தில் ஏற்றினேன்.

உங்கள் தம்பி,
பழனியாண்டி

முல்லைத்தீவு
20.2.1982

அன்புத் தம்பி பழனியாண்டி,

உன் கடிதத்தை வாசித்து நானும் அக்காவும் வயிறு நோகச் சிரித்தோம். "பழனியாண்டி எஞ்சினுக்குச் சீலையும் கட்டிவிடுவான்" என்கிறா அக்கா. சாக்கை எடுத்துவிட்டேன், கோபிக்காதே. கருவாட்டு மணம் பிடிக்காதவன் முல்லைத்தீவில் ஏனப்பா சிநேகிதம் வைத்தாய்?

கடலோட எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். திருகோணமலை ஜெற்றியில் கருவாட்டுக் கொட்டில் இருக்கிற பக்கம் வலப்பக்கத்தைக் கொடுத்தால்தான் சாக்கு இறக்கச் சுகம். இங்கே சனம் "கரையில் ஏறாத வள்ளத்தை வாங்கியிருக்கிறான்" என்று நக்கலடிக்கிறது. வருகிற மாதம் முதல் ஓட்டம். நான் உள்ளே வருகிற விதத்தைப் பார்த்துவிட்டுக் கதைக்கட்டும்.

வீரபாகு நல்ல பெடியன். என் பிள்ளை மாதிரி.

அண்ணன்,
நடராசா

வவுனியா
15.3.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

வீரபாகுவை இங்கே ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். ஜெற்றியில் நசுங்கிய காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. வாசல் வரைக்கும் சீழ் நாற்றம். ராக்காயி முகத்தைத் திருப்பாமல் தானே கழுவித் துடைக்கிறாள்.

ரிவேர்ஸ் கியர் பிடிக்கவில்லை, பழனியாண்டி பூட்டிய பூட்டு அப்படி என்று நீங்கள் துறையில் எல்லோரிடமும் சொன்னதாக லொறிக்காரர் சொன்னார். அது ராக்காயி காதிலும் விழுந்துவிட்டது. சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு மறுபக்கம் போய் உட்காருகிறாள். அவளுக்கு, தம்பியின் காலை எடுத்தவன் நான்தானே. அரிசி ஆலை வேலைக்குப் போகிறேன், ஒரு நட்டை முடுக்கினால் மூன்று தரம் தடவிப் பார்க்கிறேன். என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

எங்கே பிழை விட்டேன் என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. கோபிக்காமல் நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுங்கள். கியரைப் போட்டபோது வள்ளம் என்ன செய்தது? எந்தப் பக்கம் போனது? எப்படி அடித்தது?

தம்பி,
பழனியாண்டி

முல்லைத்தீவு
24.3.1982

தம்பி பழனியாண்டி,

உன் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. விதானையார் விசாரிக்கிற மாதிரி இருக்கிறது. எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்திலிருந்து அடிபட்டு, மாற்றுடுப்பும் இல்லாமல் வந்த உன்னையும் ராக்காயியையும் எங்கள் குசினியில் அடுப்படியோரம் படுக்கவிட்டது யார்? அதை நான் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்தவனுக்குக் கடல் எஞ்சின் என்ன தெரியும் என்று சனம்தான் கேட்கிறது.

கேட்டாய், எழுதுகிறேன். நல்லாய்த்தான் வந்தேன். கிட்ட வந்ததும் ரிவேர்ஸ் போட்டேன். பிடிக்கவேயில்லை. ரிவேர்ஸிலேயே முழு வேகமும் கொடுத்தேன். பின்பக்கம் இடப்பக்கமாய் வெளியே போய்விட்டது. முன்பக்கம் வலப்பக்கம் திரும்பி ஜெற்றிச் சுவரில் அடித்தது. வீரபாகு, வள்ளத்தைத் தள்ளுகிற மாதிரிச் சுவருக்கும் வள்ளத்துக்கும் நடுவில் காலைக் கொடுத்துவிட்டான். இதில் என் பிழை என்ன?

அக்கா கருவாடு கட்டித் தந்திருக்கிறா. லொறியில் வருகிறது. வீரபாகுவுக்குக் கொடு.

நடராசா

வவுனியா
2.4.1982

திரு. நடராசா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டில் வைத்து வீரபாகுவுக்கும் ராக்காயிக்கும் வாசித்தேன். முதலில் எனக்கே பிடிபடவில்லை. வீரபாகுதான் "பின்பக்கம் எங்க போச்சுன்னு திருப்பிப் படிங்க மச்சான்" என்றான். படித்தேன். "அப்ப கியர் புடிச்சிருக்கே," என்றான்.

பிடித்துத்தான் இருக்கிறது. பிடிக்காமல் இருந்திருந்தால் வள்ளம் நேரே ஓடியிருக்கும். விசிறி ரிவேர்ஸில் சுற்றாமல் பின்பக்கம் இடப்பக்கம் போகாது. நான் உங்களுக்கு எழுதியதைத்தான், அந்தக் கியரும் விசிறியும் ஒரு சொல் பிசகாமல் செய்திருக்கின்றன. மணலில் ஏற்றுகிற வேகத்தில் வந்து, வேண்டாமென்ற பக்கத்தையே நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

பிழை யாருக்கும் வரும். பயத்தில் சொன்ன பொய் என்றாலும் பொறுத்திருப்பேன். ஆனால் அவன் கால் போன பிறகு, அந்தப் பொய்யை என் வீட்டுக்குள் அனுப்பி, என் மனைவியை என்னிடமிருந்து எழும்பிப் போக வைத்தீர்கள். அதுவும் போதாமல் குசினியில் படுத்ததைச் சொல்லிக் காட்டினீர்கள். அன்று போட்ட சோற்றை நான் மறக்கவில்லை. அதற்குமேல் உங்களை நினைத்தால் வெறுப்புத்தான் வருகிறது.

ராக்காயி எழும்பி, நீங்கள் அனுப்பிய கருவாட்டை எடுத்துக்கொண்டுபோய் வெளியே குப்பைத் தொட்டியில் போட்டாள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று பகல் நாங்கள் மூன்று பேரும் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

உங்கள் கடிதத்தை யாரிடமும் கொடுக்கமாட்டேன், பயப்பட வேண்டாம். கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டார்கள். அதை வீட்டில் வைத்திருக்கவும் மனமில்லை. இதனோடு திருப்பி அனுப்புகிறேன்.

எஞ்சினுக்கு வேறு ஆளைப் பாருங்கள். வருகிறவனிடமும் கியர் பிடிக்காது என்று சொல்லிவிடாதீர்கள். பாவம், நல்ல கியரைக் கழற்றிப்போட்டுப் பிழையைத் தேடிக்கொண்டிருப்பான்.

இப்படிக்கு,
பழனியாண்டி