மஞ்சள் வண்டியை வேண்டாம்னு சொல்லிட்டேன், மதினி

என் கலாவதி மதினிக்கு,

மத்தவுக முன்னாடி உன்னை 'வாங்க, போங்க'ன்னுதான் கூப்பிடுவேன். காருக்குள்ள ஏறிட்டா மட்டும் 'நீ'. இதைக் காருக்குள்ள உட்கார்ந்துதான் எழுதுறேன், அதனால கோவிச்சுக்காதே.

வாங்கிட்டேன் மதினி! ரெண்டே சீட்டு. முழங்கால் உசரத்துல கதவு. நீலக் கலரு. அருப்புக்கோட்டையில நம்ம லேடீஸ் டிரைவிங் ஸ்கூல் வாசல்ல நிக்குது. போறவுக வாரவுக எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பார்த்துட்டுப் போறாக.

பந்தல்குடி ரோட்டுல அந்தப் பகல் உனக்கு நினைவிருக்கா? நீ ஒரு பிள்ளைக்குக் கிளட்ச் பழக்கிக்கிட்டு இருந்தே. நான் பின் சீட்டுல. தூத்துக்குடிப் பக்கம் போற லாரிகளை எல்லாம் தாண்டி ஒரு சிவப்புக் காரு சர்ருன்னு போச்சு. "ஏத்தா முத்துமாரி, சாகுறதுக்குள்ள இதுல ஒண்ணை நம்ம ஓட்டிரணும்டி"ன்னே. அந்தப் பிள்ளை பயந்துபோய் வண்டியை ஆஃப் பண்ணிருச்சு.

அப்புறம் உனக்குச் சிறுநீரகம் கெட்டுப்போச்சு. மதுரையில டயாலிசிஸ்ல படுத்திருந்த அத்தனை நாளும், பழைய ஸ்போர்ட்ஸ் காரு வாங்குறதைப் பத்திப் போன்ல வீடியோ பார்த்துக்கிட்டே கிடந்தே. நர்ஸ் வந்து, "சீரியல் பாக்கலையாக்கா?"ன்னு கேட்டாக. "இதுலயும் அடுத்தவனை ஏமாத்துறவன் வாரான்ல, அது போதும்"னே. அந்த நர்ஸ் சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு.

நீ போய் ரெண்டு வருசம் ஆகப்போகுது. என் பேருல இருந்த நிலத்தை வித்துட்டுத் தேட ஆரம்பிச்சேன். அண்ணன் ஒத்துக்கவே இல்லை. "பரளச்சி ஊர்க்காரி ஒருத்தி இந்தக் காரை வச்சு என்ன செய்யப்போறா?"ன்னு கேட்டாரு. "ஓட்டப்போறா"ன்னேன். மூணு நாள் முறைச்சுக்கிட்டே திரிஞ்சாரு. நாலாம் நாள், "ஒத்தையில போகாதே, நானும் வாரேன்"னு சட்டையை மாட்டிக்கிட்டு நின்னாரு.

முதல்ல பார்த்தது மதுரையில, பழைய காருக விக்கிற ஒரு இடத்துல. மஞ்சக் காரு. மதினி, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? பார்த்ததும் அதை ஒரு சுத்துச் சுத்தி வந்தேன். மாம்பழத்துக்குப் பாலீஷ் போட்ட மாதிரி நின்னுச்சு. அண்ணனே வாயைப் பொளந்துட்டு, "நல்லாத்தான இருக்கு? அட்வான்ஸ் குடுத்துருவமா?"ன்னு காதுல கேட்டாரு. விக்கிற பையன் அதைக் கேட்டுட்டான். "சாயங்காலம் இன்னும் ரெண்டு பேரு பார்க்க வாராங்கக்கா"ன்னான்.

பானெட்டுல கை வச்சேன். சுட்டுச்சு.

"எதுக்குத் தம்பி எஞ்சின் சூடா இருக்கு?"

"உங்களுக்காக ஸ்டார்ட் பண்ணி ரெடியா வச்சோம்க்கா."

"ஆறட்டும். நான் இருக்கேன்."

சூடான எஞ்சின் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும், ராத்திரி பூரா ஆறிக்கிடந்து எந்திரிக்கும்போதுதான் புகையும் சத்தமும் உண்மையைச் சொல்லும். நீதான் இதை வாய் ஓயாமச் சொல்லுவே. அது ஆறுற வரைக்கும் நான் சும்மா இருக்கலை. நாலு டயரையும் குனிஞ்சு பார்த்தேன். ரெண்டு ஒரு கம்பெனி, ரெண்டு வேற கம்பெனி. பானெட் போல்ட்டுல ஸ்பேனர் போட்ட தடம். கதவு இடுக்கு ஒரு பக்கம் கோடு போட்ட மாதிரி நேரா இருந்துச்சு, மறுபக்கம் ஒரு விரல் நுழைஞ்சுச்சு. எங்கேயோ இடிச்சிருக்கு. அப்பவும் மனசு கேக்கலை மதினி. இதெல்லாம் சரி பண்ணிக்கலாம்னு எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கிட்டு நின்னேன்.

கடைசியா சீட் பெல்ட்டை இழுத்தேன். யாரும் இழுக்காத அளவுக்கு, முழுசா, அடிநுனி வரைக்கும். உள்ளே சுருண்டு கிடந்த துணியில வண்டல் நிறத்துல ஒரு கோடு. சீட்டுக்கு அடியில இருந்த போல்ட்டு எல்லாம் துரு. காரு கழுத்து வரைக்கும் வெள்ளத்துல நின்னிருக்கு.

"இது தண்ணியில மூழ்குன காரு தம்பி."

அவன் சிரிச்சான். "அக்கா, இது ஸ்கூட்டி இல்லக்கா. உங்களுக்குப் புரியாது."

"ஸ்கூட்டியா இருந்தா தொடச்சு ஓட்டியிருப்பேன். இதுக்குள்ள ஓடுற ஒயரெல்லாம் தண்ணி குடிச்சிருக்கு. எண்பதுல போகும்போது பிரேக் கம்ப்யூட்டர் நின்னா, நீயா வந்து மிதிப்பே?"

காரு பார்க்க வந்திருந்த ஒருத்தர் மெதுவா வந்து, "ஏங்க, அந்த வெள்ளைக் காரையும் ஒரு பார்வை பாருங்களேன்"னாரு! அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தாரு பாரு, கல்யாணத்தன்னைக்கு உன்னைக்கூட அப்படிப் பார்த்தது இல்லை. ஆனா ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸு காரியாபட்டி தாண்டுற வரைக்கும் நான் சன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன். அந்த மஞ்சள் அவ்வளவு அழகு.

நீலக் காரு கோயமுத்தூர்ல கிடைச்சது. ஒரே ஆளு வச்சிருந்த காரு. அவுக மில்லுல எஞ்சினியரா இருந்தவுக. வாசல்லயே சொல்லிட்டாக: "அஞ்சு நாளா ஸ்டார்ட் பண்ணலைம்மா. நீங்களே பண்ணுங்க. இடது மட்கார்டு பெயிண்ட் அடிச்சது, அதையும் பார்த்துக்கங்க." சர்வீஸ் பில்லு ஒண்ணு விடாம ஃபைல்ல இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் இருந்த கிலோமீட்டரை வரிசையாப் பார்த்தேன், எங்கேயும் பின்னாடி போகலை. ஆர்.சி.யில லோனு பாக்கி இல்லை. சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோட ஒத்துப் பார்த்தேன்.

அதுக்கப்புறமும் விடலையே! அவுகளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஒர்க்‌ஷாப்ல லிஃப்டுல ஏத்தச் சொன்னேன். அடியில வெல்டிங் தடமும் இல்லை, ஆயில் கசிவும் இல்லை. கம்ப்யூட்டரை மாட்டி, எஞ்சினை அளவுக்கு மீறி எத்தனை தடவை முறுக்கியிருக்காகன்னு படிச்சாக. ஒண்ணுமே இல்லை. ரோட்டுல எடுத்துட்டுப் போய், மேல் கியர்ல மெதுவா வரும்போது திடீர்னு மிதிச்சுப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் ஏறுது, வேகம் ஏறலை. "கிளட்ச் தேஞ்சிருக்கு சார்"னேன். "அது எனக்கே தெரியாதும்மா. நான் மாத்திக் குடுக்குறேன்"னாக. சொன்னபடியே புதுசு மாத்தி, மறுவாரம் கூப்பிட்டாக.

போய்ப் பணத்தைக் கட்டிட்டு, மறுநாள் காலையில கிளம்பி ஊருக்கு ஓட்டிட்டு வந்தேன் மதினி. பக்கத்துல அண்ணன், மடியில சாப்பாட்டுப் பை. திண்டுக்கல் வரைக்கும் அவரு கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. மதுரையைத் தாண்டி ரோடு நீட்டமா, வெறிச்சுனு கிடந்துச்சு. ரெண்டு பக்கமும் கருவேலங்காடு, நடுவுல நாங்க. அண்ணன் மெதுவா, "இன்னும் கொஞ்சம் மிதி"ன்னாரு. எனக்குத் தப்பாக் கேட்டுருச்சோன்னு நினைச்சேன். "மிதிம்மா"ன்னாரு. மிதிச்சேன். மனுசன் வாய்விட்டுச் சிரிச்சாரு. நீ போனதுக்கு அப்புறம் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. சிரிச்சுக்கிட்டே அழுதாரு. நானும்தான். உனக்குக் கேட்டுச்சா?

நம்ம ஊரு வேகத்தடைகதான் இந்தக் காருக்கு எமன். ஒவ்வொண்ணுக்கும் அண்ணன் இறங்கி, ரோட்டுல குத்தவச்சு அடியைப் பார்த்து, "வலது, வலது, இன்னும் கோணலா வா"ன்னு கைகாட்ட, நண்டு மாதிரி ஏறி இறங்குனேன். பின்னாடி நின்ன டவுன்பஸ்ஸு டிரைவர் ஹாரனே அடிக்கலை, எந்திரிச்சு நின்னு வேடிக்கை பார்த்தாரு. ஸ்கூல் வாசல்ல நம்ம பிள்ளைக குலவை போட்டுச்சுக.

இன்னொரு சேதி. கேட்டா நீ நம்பமாட்டே. டிரைவிங் ஸ்கூல்காரி புருசன், அதான் நம்ம அண்ணன், ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்னு இருபது வருசமா உன்கிட்டச் சாதிச்ச மனுசன், இன்னைக்குக் காலையில குளிச்சு, நெத்தியில துந்நூறு பூசிக்கிட்டு, ஆபீசுக்கு வந்தாரு. பொம்பளைப் பிள்ளைக வரிசையில நின்னாரு. முறை வந்ததும், "எனக்கும் ஒரு ஃபாரம் குடும்மா"ன்னாரு.

குடுத்துட்டேன் மதினி. அவரை நானே பக்கத்துல உட்கார்ந்து பழக்குவேன். கிளட்சை விடத் தெரியாம எத்தனை தடவை ஆஃப் பண்ணினாலும் திட்டமாட்டேன். லைசென்ஸ் கையில வந்த அன்னைக்கு, நீலக் காருச் சாவியை அவருகிட்டக் குடுத்துட்டு நான் பக்கத்துச் சீட்டுல உட்காருவேன். இது சத்தியம்.

காருக்குள்ள மட்டும் உன்னை 'நீ'ன்னு கூப்பிடுற,
உன் நாத்தனா
முத்துமாரி