சும்மா என்று நீ வைத்த பெயர்

என் உயிர் யூஜின் மச்சான்,

எட்டு மாதமாக உன்மேல் கோபமாக இருக்கிறேன். நல்லபடியாகத் தொடங்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், வரவில்லை. வெள்ளத் தண்ணீரை வாளியால் இறைத்து, சேற்றில் வெறுங்காலோடு நின்று வீட்டைக் கழுவியவன் நீ. பத்தாம் நாள் காய்ச்சல் அடித்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று நினைக்க என்ன பட்டம் வேண்டும்? மூன்று நாள் காய்ச்சல் குளிசையைப் போட்டுக்கொண்டு மடிக்கணினியின் முன்னால் கிடந்தாய். "இந்தச் சோதனை ஒண்ணு ஓடி முடியட்டும் மச்சான், நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன்" என்றாய். நாளைக்குத்தான் போனாய். அதற்குள் உன் சிறுநீரகம் நின்றுவிட்டது.

எந்தச் சோதனை அது? ஓடி முடிந்ததா? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. உன் அம்மா யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார். நம் காணொளி அழைப்புச் செயலியைப் பாவிக்கிறவர்களும் வாசிக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே இடையிடையே உனக்குத் திருப்பிச் சொல்வேன். பொறுத்துக்கொள். உயிரோடு இருந்தபோது நீ எனக்கு அதைத்தான் செய்தாய்.

காணொளி என்பது ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே எல்லாப் படத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. படத்தைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, "இந்தச் சதுரம் முந்தின படத்தில் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது" என்பதையும், கொஞ்சம் திருத்தத்தையும் மட்டும் அனுப்புகிறோம். அந்த "எங்கே இருந்தது" என்று தேடுவதுதான் பெரிய வேலை. எல்லா இடத்திலும் தேடினால் மலிவான போன் சூடேறித் திணறும். அதற்காகத்தான் குறுக்குவழிகள். சுற்றிவர நாலு புள்ளியைப் பார், எது கூடுதலாக ஒத்துப்போகிறதோ அங்கே போ, அங்கிருந்து மறுபடி நாலு. பக்கத்துச் சதுரம் எந்தத் திசையில் போனதோ அந்தத் திசையில் முதலில் பார். இருந்த இடத்திலேயே ஏறக்குறைய ஒத்துப்போனால் தேடாதே, விடு.

அந்த "விடு" என்ற இடத்தில்தான் உனக்கும் உலகத்துக்கும் சண்டை. உன் தங்கச்சி ஜெசிந்தாவுக்குக் காது கேட்காது. அவள் பேசுவது கையால். கம்பளையில் உங்கள் வீடு மலை மறைவில் இருக்கிறது, சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. மற்றச் செயலிகளில் அவளுடைய முகம் தெளிவாக வரும், கை கஞ்சியாகிவிடும். ஒரு விரல் மடங்கினால் சொல்லே வேறு. ஆனால் கணக்குக்கு அது சின்ன வித்தியாசம், விட்டுவிடும்.

நீ செய்தது மிக எளிமையானது. எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. ஒவ்வொரு சதுரமும் எத்தனை படமாக அசையாமல் கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டே வந்தாய். எண் பெரிதாக இருந்தால் அது சுவர், அலுமாரி, யன்னல் சீலை. அங்கே தேடாதே. எண் சின்னதாக இருந்தால் அது இப்போதுதான் அசைந்தது, அது கை. அங்கே வித்தியாசம் எவ்வளவு சிறிதென்றாலும் விடாமல் தேடு. சுவரில் மிச்சம் பிடித்த நேரத்தைக் கைக்குக் கொடுத்தாய். அவ்வளவுதான். ஒரு கோட்டு சிக்னலில் உன் தங்கச்சி வம்பளக்கத் தொடங்கினாள்.

இனிச் செய்தி.

புதிய பதிப்பு போன மாதம் வெளியே போனது. இரண்டே நாளில் முறைப்பாடு. ஜெசிந்தா எனக்கு எழுதினாள்: "முகம் வருது, கை வரல்ல. மெதுவா பேசினா கொஞ்சம் வருது. வேகமா பேசினா ஒண்ணுமே இல்ல. நாங்க என்ன கிழவிங்களா?"

திங்கட்கிழமை பிலிமத்தலாவையில், நம் மாடி அலுவலகத்தில் கூட்டம். நம் குழுவுக்கு இப்போது பொறுப்பாக இருப்பவரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். சேர் என்று மட்டும் சொல்கிறேன். அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "யூஜினோட முறையிலேயே அடிப்படைப் பிரச்சினை இருக்கு. பாவம், ஆள் இல்ல. ஆனா கோட் கோட்தானே."

"இவ்வளவு நாள் எப்படி சேர் ஓடிச்சு?"

"லக்."

"அவன் செத்தும் ஏழு மாசம் ஓடிச்சே, அதுவும் லக்கா?"

"பிரதீப், நீங்க எமோஷனலா பேசுறீங்க."

"நான் சத்தமா பேசுறேன் சேர். அது வேற, இது வேற."

அன்றைக்கே, செவிப்புலனற்றோர் சங்கத்துக்கு அவர் கடிதம் அனுப்பினார். முன்னர் பணியாற்றிய ஒருவர் எழுதிய பகுதியில் பிழை கண்டுபிடிக்கப்பட்டுள்ளதாம், ஆகையால் வெள்ளிக்கிழமையோடு சேவை நிறுத்தப்படுமாம். ஒருவர்! அந்தச் சங்கத்தில் இருக்கிற எல்லோருக்கும் அந்த ஒருவர் யார் என்று தெரியும். அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் கையைப் படம் பிடித்துச் சோதித்தவன் நீ.

மூன்று நாள் பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். கண் கெட்டதுதான் மிச்சம். சேர் வந்த கையோடு நிரல் முழுவதையும் "துப்புரவு" செய்யச் சொல்லியிருந்தார். பெயர்கள் எல்லாம் மாறியிருந்தன, எழுத்துப்பிழைகள் திருத்தப்பட்டிருந்தன. உன் ஆங்கில எழுத்துக்கூட்டல் உனக்கே தெரியும். "பக்கத்து" என்பதற்கான ஆங்கிலச் சொல்லை ஒரே கோப்பில் மூன்று விதமாக எழுதி வைத்திருந்தாய். நூற்றுக்கணக்கான மாற்றங்களுக்குள் எது நஞ்சு என்று எனக்குப் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை போயா விடுமுறை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி உங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீங்களே?"

"கேளுங்க அம்மா."

"யூஜினு ஏதும் பெரிய பிழை விட்டுட்டானா? அந்தப் புள்ளைங்க எல்லாம் பேச ஏலாம இருக்காங்களாமே?"

"தெரியல அம்மா" என்றேன். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த நேரத்தில் நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன். மறைத்து என்ன பயன்?

ஜெசிந்தா ஒரு போனில் அழைப்பைத் திறந்து என் முன்னால் நிறுத்திவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் போய் நின்றாள். எனக்குச் சைகை தெரியாது. ஆகவே, சேரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கை தானாக ஆடியது. அவளிடமிருந்து எழுத்தில் செய்தி வந்தது: "கோவத்துல கை நல்லா ஆடுது. இன்னும் கொஞ்சம் திட்டுங்க, சோதனைக்கு நல்லது." திட்டினேன். வஞ்சகம் இல்லாமல் திட்டினேன். அவள் திரும்பி வந்து திரையில் பதிவானதைக் காட்டினாள். மெதுவாகக் கையை உயர்த்திய இடங்களில் கை ஓரளவு வந்திருந்தது. ஆத்திரத்தில் வீசிய இடங்களில் கையே இல்லை, வெறும் மண்ணிறக் கறை.

அவள் அம்மாவைப் பார்த்து விரைவாக ஏதோ சொன்னாள். அம்மா சிரித்தார். எனக்காக வாயால் சொன்னார்: "சும்மா கிடக்குற அலுமாரி பளிச்சுன்னு தெரியுதாம், பேசுற கையைத்தான் காணலையாம்."

சும்மா.

கோப்பையை வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். உன் பழைய நிரலில் அது இருந்தது. ஆங்கில எழுத்தில், எஸ், யூ, இரண்டு எம், ஒரு ஏ. அந்தச் சதுரம் எத்தனை படமாகச் சும்மா கிடக்கிறது என்ற எண்ணுக்கு நீ வைத்த பெயர். தமிழ்ச் சொல்! அதை ஆங்கிலமாக வாசித்திருக்கிறார்கள். கூட்டுத்தொகைக்கான ஆங்கிலச் சொல்லான "சம்" என்பதைத்தான் நீ பிழையாக எழுதிவிட்டாய் என்று நினைத்து, கடைசி இரண்டு எழுத்தை வெட்டியிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. பெயருக்கு ஏற்றபடி, சதுரத்தின் வித்தியாசங்களைக் கூட்டி அதற்குள் போட்டிருக்கிறார்கள்.

பிறகு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். "எண் பெரிதாக இருந்தால் தேடாதே" என்ற உன் வரி அப்படியே இருந்தது. முன்பு எண் பெரிதென்றால் அது சுவர். இப்போது எண் பெரிதென்றால் அது வேகமாக ஆடுகிற கை. எவ்வளவு வேகமாகப் பேசுகிறாயோ அவ்வளவு விரைவாக உன்னைக் கைவிடும். கையைத் தேடாமல் விட்டதால் நிரல் முன்னைவிட வேகமாக ஓடியது. அலுவலகத்தில் கை தட்டினோம் மச்சான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டுகிறவர்களின் படங்களை வைத்துச் சோதித்துவிட்டுக் கை தட்டினோம்.

மாற்றியவர் யார் என்று பார்த்தேன். சேர். அவரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான். உங்கள் வீட்டு முன்னறையில் நின்றுகொண்டு, அம்மாவுக்கு முன்னால் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னேன். பிறகு அதற்குக் கீழே உள்ள வரியைப் பார்த்தேன். பரிசீலித்து ஒப்புக்கொண்டவர் என்ற இடத்தில் என் பெயர்.

நான் பார்த்தேனா? இல்லை. நீண்ட பட்டியல், நான் அவசரக்காரன், மேலே நாலு இடம் கீழே நாலு இடம் பார்த்துவிட்டு விட்டிருக்கிறேன். அந்தப் பெயரில் கண் பட்டிருந்தால், உன் எழுத்துக்கூட்டலை நினைத்துச் சிரித்துக்கூட இருப்பேன். நாலு வருடம் உன் பக்கத்துக் கதிரையில் இருந்தவன். சேரை மன்னித்தாலும் என்னை எப்படி மன்னிப்பது?

உன்னையும் விடுவதாக இல்லை. ஒரு வரி விளக்கம் எழுதி வைத்திருக்கக்கூடாதா? ஒரே ஒரு வரி. எழுதட்டுமா என்று நீ ஒருதரம் கேட்டதாக ஞாபகம். நான் என்ன பதில் சொன்னேன், மச்சான்?

"பிழை யூஜினோடது இல்ல அம்மா. என்னோடது" என்றேன். அம்மா என் கோப்பையைக் கையில் எடுத்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"அப்ப அந்தக் கடிதாசிய மாத்தி எழுதச் சொல்லுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று வரியைத் திருத்தினேன். கை வந்தது. சேவையை நிறுத்துகிற கதை அதோடு முடிந்தது. நான் சேருக்கு அந்தச் சொல்லைக் காட்டிவிட்டு, அவர் சங்கத்துக்கு அனுப்பிய கடிதத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"அதான் சரி பண்ணியாச்சே பிரதீப். இனி எதுக்கு அது?"

"யூஜின் மேல பிழைன்னு எழுதினீங்க சேர்."

"பேர் போடலையே."

"அப்ப இப்ப உங்க பேரையும் என் பேரையும் போடுவோம்."

"சும்மா இருங்க பிரதீப்!"

சொன்னது அவருக்கே கேட்டது. முகம் சுருங்கியது. பிறகு சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அப்படியிருந்தும், பின்னேரம் சங்கத்துக்குப் போனது ஒரே ஒரு வரி: தொழில்நுட்பக் கோளாறு சீர்செய்யப்பட்டது. யார் விட்ட கோளாறு என்று இல்லை. முதல் கடிதம் அப்படியே நிற்கிறது.

ஆகவே நான் எழுதுகிறேன். யூஜினின் முறையில் பிழை இல்லை. பிழை அவன் இறந்த பிறகு புகுந்தது. மேலதிகாரி ஒருவர் ஒரு தமிழ்ச் சொல்லைத் தமிழ் என்று அறியாமல் அழித்தார். வாசிக்காமலே சரி என்று ஒப்பமிட்டவன் நான். இதனால் வேலை போகுமா? போகட்டும்.

அடுத்த ஞாயிறு கண்டியில் சங்கத்தின் கூட்டம். இதை அங்கே வாசிக்கலாம் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். யாருக்குக் கேட்கும் என்று கேட்டாள். அப்படியென்றால் நான் வாசிக்க, நீ கையால் சொல் என்றேன். அவள் எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்: "சொல்லித் தாறேன். உங்களுக்காகச் சொல்ல மாட்டேன். பிழை விட்ட ஆள்தான் பேசணும்."

உன் தங்கச்சி உன்னைவிடக் கடுமையானவள். தினமும் அழைத்துப் பழக்குகிறாள். மூன்று வசனம்தான், எனக்கு வரவில்லை. "பிழை" என்று நான் காட்டுவது புடலங்காய் மாதிரி இருக்கிறதாம். மறுபடி, மறுபடி என்கிறாள். பொறுமை கெட்டுக் கையை உதறினால், அதையும் ஒரு சொல்லாக வாசித்துவிட்டு முறைக்கிறாள்.

மச்சான், ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் முன்னால் போய் நிற்பேன். உன் பெயரை எழுத்து எழுத்தாக விரலில் காட்டுவேன். அவன் முறை சரியானது, அதைக் கெடுக்க விட்டவன் நான் என்று என் கையாலேயே சொல்வேன். தடுமாறினால் திரும்ப முதலில் இருந்து தொடங்குவேன், எத்தனை தரம் என்றாலும். அவர்கள் எல்லோரும் விளங்கியது என்று தலையாட்டும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்.

இன்னும் உன்மேல் கோபம் தீராத
உன் மச்சான்
பிரதீப்
கட்டுகஸ்தோட்டை