அவர்கள் வலை எங்கள் கொட்டகையில்

1992 அக்டோபர் 2
மூன்று வருடத்துக்கு ஹதாஹதா மீன் பிடிப்பதில்லை என்று எங்கள் மீனவர் சங்கத்தில் முடிவாகிவிட்டது. முதலில் கை தூக்கியது நான். போன குளிர்காலத்தில் வலைக்கு ஒரு பெட்டிகூடத் தேறவில்லை. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

பக்கத்துத் துறைமுகம் ஹமானோவும் ஒப்புக்கொண்டது. ஆனால் நாங்கள் விட்டுவைக்கிற மீனை அவர்கள் அள்ளினால்? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்ததெல்லாம் வீண். அதனால் ஒரு வழி சொன்னேன்: அவர்கள் வலைகள் எங்கள் கொட்டகையில், எங்கள் வலைகள் அவர்கள் கொட்டகையில் இருக்கட்டும்.

ஹமானோ தலைவர் கமாதா சிரித்தார். "வலையைப் பிரிஞ்சு இருந்துடுவியா தங்கச்சி?"

"உங்களவிட நல்லாவே இருப்பேன் அண்ணே."

அக்டோபர் 9
வலைகள் இடம் மாறின. கொட்டகைக்கு இரண்டு பூட்டு போட்டேன்.

டிசம்பர் 31
வருடா வருடம் தின்கிற, சோற்றோடு ஊறவைத்த ஹதாஹதா இல்லாமல் ஒரு புத்தாண்டு. என் கணவர் ஷூசோ இப்போது பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். முள்ளங்கியை மென்றபடி, "ரோட்டுல வலை விரிச்சா என்ன மாட்டும்?" என்றார்.

"நீங்கதான் மாட்டுவீங்க. சாப்பிடுங்க."

1993 டிசம்பர் 6
காலையிலிருந்து இடி. இடி இடித்தால் ஹதாஹதா முட்டையிடக் கரைக்கு வரும். வந்தது, கொஞ்சமாக, துறைமுகச் சுவர் ஓரமாகவே. கைக்கெட்டும் தூரம். ஊரே கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றது. பக்கெட்டோடு வந்த எங்கள் சங்கத்து மிவா, நான் பார்த்த பார்வையில் அதைக் கவிழ்த்துப் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டார். எச்சில் ஊறியது — எனக்கும்தான்.

டிசம்பர் 14
விடிந்ததும் வேலையிடத்திலிருந்து ஷூசோ போன் செய்தார். "டோமி, ஹமானோ படகு ரெண்டு கரையோரமா எதையோ இறக்குது. வேற வலை ஒளிச்சு வச்சிருக்காங்க போல."

ஏமாத்திட்டாங்க. நான்தானே முதல்ல கை தூக்கினேன்? மத்தவங்களையும் தூக்க வச்சேன்? இனி யார் முகத்துல முழிப்பேன்?

பைனாகுலரை எடுத்துக்கொண்டு, இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள முனைக் குன்றில் ஏறினேன். அங்கே கமாதா முன்னமே நின்றுகொண்டிருந்தார், கையில் அவருடைய பைனாகுலரோடு. அது எங்கள் ஊரைப் பார்த்திருந்தது.

"என்ன அண்ணே, கடல் அழகா இருக்கா?"

"கடல் எப்பவும் போலத்தான். நீ கடலப் பார்க்க வந்தியா, எங்க படகயா?"

"உங்க படகுதான். என்னத்த இறக்குறாங்க?"

கீழே அவர்கள் கரைக்குக் கூட்டிப்போனார். அலை பிய்த்துப் போட்ட முட்டைக் கொத்துகள் ஹமானோ கரையெங்கும் கிடந்தன. ஆணும் பெண்ணுமாகக் குனிந்து பொறுக்கி, வெங்காய வலைச்சாக்கில் கட்டி, படகில் கொண்டுபோய், பொரியட்டும் என்று கடற்பாசிக்கு நடுவே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கரையில கிடந்தா காக்காய்க்குத்தான்" என்றார்.

"எங்க கரையிலயும் கிடக்குமே?"

"அதத்தான் பார்த்துட்டு நின்னேன். உங்க ஆளு ஒருத்தரும் குனியல."

வெட்கமாக இருந்தது. எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று கோபமும் வந்தது. திரும்புவதற்குள் நாளைக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

டிசம்பர் 15
குனிந்தோம். மிவாவின் பக்கெட்டுக்கும் வேலை கிடைத்தது.

1994 டிசம்பர் 20
இந்த வருடம் இரண்டு கரையையும் சேர்ந்தே பொறுக்கினோம். இடுப்பு போய்விட்டது. முட்டை போன வருடத்தைவிட நிறைய.

1995 டிசம்பர் 3
வலைகள் ஊர் திரும்பின. எங்கள் வலையில் எலி கடித்த இடங்களை ஹமானோக்காரர்கள் தைத்து வைத்திருக்கிறார்கள். தையல் சுமார்தான்.

டிசம்பர் 8
இடியோடு மீன் வந்தது. இவ்வளவுதான் பிடிப்பது என்று பேசி ஊருக்குப் பாதியாகப் பிரித்த அளவில் எங்கள் பங்கு வெளிச்சம் வருவதற்குள்ளேயே நிறைந்தது. வலையின் வாயை அவிழ்த்து மீதியை விட்டோம். முனைக்கு அந்தப் பக்கம் கமாதாவின் படகு மங்கலாகத் தெரிந்தது.

"அவங்களும் திறந்து விட்டாங்களா? பாரு" என்றார் ஷூசோ.

கழுத்தில் தடவினேன். பைனாகுலர் வீட்டில் ஆணியிலேயே தொங்கியது. கிளம்பும்போது எடுக்கவே தோன்றவில்லை.

"விட்டிருப்பாங்க. கயித்தப் பிடிங்க" என்றேன்.