வலது ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

தங்கச்சிக்கு,

"அக்கா, நாங்க ஊர் சுத்தப் போறோம். ராத்திரியில படம் எடுக்க விலை கம்மியா ஒரு கேமரா பாத்து அனுப்பு" என்று எழுதியிருந்தாய். பதினோரு வருடமாகக் கேமரா பழுது பார்க்கிற அக்கா இருக்கும்போது நீ ஏன் வேறு கடையில் ஏமாற வேண்டும்?

அனுப்பியிருக்கிறேன். பழையதுதான், ஆனால் லென்ஸுக்கு வாய் அகலம். தெருவிளக்கு வெளிச்சமே போதும். வெளிச்சத்தைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ எண்ணை ரொம்ப ஏற்றாதே, படம் மணல் தூவியது போல் ஆகிவிடும். கேமராவை ஒரு சுவர்மேல் வைத்து, ஷட்டரை நான்கு விநாடி திறந்து வை. அதுவரை உன் வீட்டுக்காரரை ஆடாமல் நிற்கச் சொல். அவருக்கு ஓரிடத்தில் நிற்க வராது. என்னோடு நிச்சயமான பிறகே நிற்கவில்லையே.

உன் கல்யாண ஆல்பம் பார்த்தேன். குடும்பப் படத்தில் வலது ஓரத்தை வெட்டியிருக்கிறாய். உன் தோள்மேல் என் கை மட்டும் மிச்சம் இருக்கிறது. மோதிரம் இல்லாத கை, நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

கேமராவில் ஒரே ஒரு குறை. உள்ளே படம் பதியும் சென்சாரில் ஒரு புள்ளி கெட்டிருக்கிறது. பகலில் தெரியாது. இருட்டில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் வலது ஓரத்தில் சிவப்பாக விழும். "ரெண்டு நிமிஷ வேலைதானேம்மா, சரி பண்ணிக் குடுத்துடேன்" என்றார் எங்கள் கடை முதலாளி. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுக்காரர் என்னவென்று கேட்டால் சொல்: "அது ஒண்ணுமில்லீங்க, அக்கா நிக்கிறா."

ஆடாமல் நிற்கும்
உன் அக்கா