நிற்க ஒரு மூலை

ஜனவரி 11, சனி

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி இங்கேயாவது எழுதுகிறேன்.

காலையில் மளிகைக் கடையில், முட்டை அடுக்குக்கு முன்னால், வெர்லின் டியாடன் வழிமறித்தான். எங்கள் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, கட்சித் தலைவன். "உங்க ஹாடிக்ஸ் அம்மா இன்னும் எதுக்குப் போட்டியில நிக்குது? நூத்துல மூணு பேர்கூட இல்ல. விலகச் சொல்லி ஒரு போன் போடு, லோவெல். ஓட்டு பிரியுது பாரு."

அதிபர் வேட்பாளராக, நான் ஆதரிக்கிற ஹாடிக்ஸையும் சேர்த்து, கட்சியில் பதினொரு பேர் முட்டி மோதுகிறார்கள். கடைசியில் நிற்பவர்கள் கழன்றுகொண்டால், வெர்லினின் ஆளான ஆளுநர் ஸ்ட்ராட் முன்னணிக்காரரை எட்டிப்பிடித்துவிடுவாராம்.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்? மூஞ்சியில் அடித்தாற்போல் ஒன்று சொல்லியிருக்க வேண்டாமா?

இதே குரலை முன்பும் கேட்டிருக்கிறேன். நான் தலைமையாசிரியர் வேலைக்கு விண்ணப்பித்த வருடம், பள்ளிக் குழுவில் இருந்த வெர்லின் என் வீட்டுக்கு வந்தான். "நாலு பேர்ல நீதான் கடைசி. மானமா விலகிடு, ஓட்டு பிரியாது" என்றான். விலகினேன். வேலை அவன் மைத்துனனுக்குப் போயிற்று. நான் இன்னும் அதே வகுப்பறையில் ரோமாபுரியின் வீழ்ச்சியை நடத்திக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

உறைபனி மூட்டம். தானியக் கிடங்கைக் காணவில்லை. அதன் உச்சி விளக்கு மட்டும் எதிலும் ஒட்டாமல் வானத்தில் மிதந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

மார்லிஸ் உப்பன் வந்தாள், கையில் பூசணிக் கேக். பள்ளிச் சமையல்காரி, ஹாடிக்ஸ் பக்கம் என்னோடு நிற்கிற சிலரில் ஒருத்தி. எல்லாரும் கேலி செய்கிறார்களே, வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"ஜெயிக்கிற ஆளாப் பாத்துத்தான் பிடிக்கணும்னா நான் எம் புருஷனையே கட்டியிருக்க மாட்டேன், வாத்தியாரே."

அறுவடைக் காலத்தில் ஹாடிக்ஸ் எங்கள் நூலகத்துக்கு வந்தபோது ஏழு பேர் இருந்தோம். கிணற்று நீரில் உரம் இறங்குவதைப் பற்றி நான் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அது போதும்.

ஜனவரி 26, ஞாயிறு

கனவு. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் உள்ளே பனி பெய்கிறது. ஊர் முழுக்க மூலை மூலையாக நிற்கிறது, யாரும் பேசவில்லை. நான் நடக்கிறேன். திரும்பிப் பார்த்தால் என் காலடித் தடம் இல்லை.

பிப்ரவரி 1, சனி

ஹாடிக்ஸ் விலகிவிட்டார். "அன்பு நண்பரே" என்று கைபேசியில் ஒரு செய்தி. அவரும் வீட்டு வாசலில் வைத்து யாரோ சொன்னதைக் கேட்டிருப்பாரோ? ஓட்டுக்கு இன்னும் இரண்டு நாள். இரண்டே நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

மார்லிஸிடம் சொன்னேன். "அதுக்கென்ன, அந்த அம்மா பேர் போட்ட பலகை செஞ்சாச்சே" என்றாள்.

பிப்ரவரி 3, திங்கள்

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். சூடு ஆறுமுன் எழுதிவிட வேண்டும்.

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, வாக்குச் சீட்டில் குறி போட்டுவிட்டு ஓடுகிற மாநிலமில்லை இது. அவரவர் ஆளுக்காக அவரவர் மூலையில் ஊரறிய நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்து, வேறு மூலைக்கோ வீட்டுக்கோ போகலாம்.

கூடைப்பந்து வளையத்தின் கீழே ஹாடிக்ஸ் பலகையை மாட்டினேன். இல்லாத வேட்பாளருக்கு ஒரு மூலை. சிலர் சிரித்தார்கள். ஆனாலும் ஆறு பேர் வந்து நின்றோம். எண்ணினார்கள். கலைந்தோம்.

உடனே, தங்கள் மூலைக்கு இழுக்க, ஊரே எங்களிடம் வந்தது. கையைப் பிடித்தார்கள், பிஸ்கட் நீட்டினார்கள். இத்தனை பேர் என்னிடம் எதையும் கேட்டு வந்ததில்லை. எல்லாரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாகத் தெரிந்தார்கள். மார்லிஸ் முன்னணிக்காரர் பக்கம் போனாள். "என் தங்கச்சி அங்க நிக்கிறா. கார் அவளோடது." மற்றவர்களும் பிரிந்தார்கள். நான் மட்டும் வளையத்தின் கீழே.

வெர்லின் வந்தான். ஸ்ட்ராட் மூலைக்கு ஒரே ஒரு ஆள் குறைந்தது.

"லோவெல், வா."

"அன்னிக்கு விலகச் சொன்ன. இப்ப வரச் சொல்ற."

"அது பழைய கதைப்பா."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நிஜமாவே நான் கடைசியா இருந்தேனா?"

ஸ்ட்ராட் மூலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல," என்றான். "முன்னால இருந்த. அதான் உன் வீட்டுக்கு வந்தேன்." பிறகு, தணிந்த குரலில்: "இப்ப வாயேன்."

நான் அசையவில்லை.

நேரம் முடிந்தது. ஸ்ட்ராட் மூலை கலைந்தது. வெர்லின் ஸ்ட்ராட் பலகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பளபளத்த மரத்தரையில், அந்தக் கூடத்தின் முழு அகலத்தையும் தனியாக நடந்து முன்னணிக்காரர் பக்கம் போனான். அங்கே இருந்தவர்கள் கை தட்டினார்கள்; வருகிறவர்களுக்கு அப்படித் தட்டுவது வழக்கம். யாரோ தோளில் கை போட்டார்கள்.

சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். பொறாமையாக இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

வெயில். கூரை சொட்டுகிறது.

வெர்லின் சொன்னது பொய்யில்லை: ஓட்டு பிரிந்தது, எங்கள் கூடத்தில் எல்லாவற்றையும் முன்னணிக்காரரே அள்ளிக்கொண்டார். இருந்தாலும் ஊரின் இணையப் பக்கத்தில் போட இதை எழுதியிருக்கிறேன்:

"கடைசியில் நிற்பவர்களை விலகச் சொல்லாதீர்கள், எண்ணும்வரை. யார் கடைசி என்று சொல்ல வருகிறவன் எண்ணிவிட்டா வருகிறான்? எல்லார் கண்முன்னும் எண்ணப்பட்டு, குறைந்துபோய், தரையைக் கடந்து நடக்கிறவனுக்கு அந்தப் பக்கம் கை தட்ட ஆள் இருக்கிறது. வீட்டு வாசலிலேயே விலகிவிட்டவனுக்கு யாருமில்லை. தோற்பதும் ஒருவருக்குச் சேர வேண்டியதுதான். அதைப் பிடுங்காதீர்கள்."

கீழே 'லோவெல் ப்ரோயர்' என்று தட்டச்சு செய்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் இருந்தால் இது வெர்லினைப் பற்றியதாகிவிடும். கடைக்கடையாகப் பேசுவார்கள், அவன் முட்டை வாங்க வரும்போது.

அழித்துவிட்டேன். பெயரில்லாமலே போடப்போகிறேன்.