பாம்புக்குப் பால் கொண்டுபோன சகலைக்கு

நேற்று விழுப்புரத்தில் காரை வாட்டர் சர்வீஸுக்கு விட்டேன். கழுவியவர் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு முட்டை ஓட்டை எடுத்து, இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஓடு முழுக்க மஞ்சள், நடுவில் குங்குமப் பொட்டு.

"சார், யாருனா செய்வினை வச்சிட்டாங்களா?"

"இல்லப்பா, எங்க சகலை வச்சது. வூட்டுக்காரியோட அக்கா புருஷன்."

அதற்குமேல் அவர் அந்த சீட்டைத் தொடவில்லை.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, சகலை. உங்கள் முட்டை இன்னும் என் காரில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருந்தது என்னவாயிற்று என்று நான் ஆராயவில்லை.

நீங்கள் இருந்தபோது சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ஜாதகத்தில் நாகதோஷம் என்பதைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அப்போது பார்த்திருந்த மாப்பிள்ளைப் பையனின் மாமாவிடம் உளறியது நான்தான். வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது பஜ்ஜியில் ஜாதகம் வெளியே வந்துவிட்டது. பரிகாரம் செய்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று அடுத்த வாரமே சொல்லியனுப்பினார்கள். அன்றிலிருந்து உங்கள் பெண் கண்ணாடி முன்னால் நிற்பதையே விட்டுவிட்டாள். "எங்கிட்டதான் ஏதோ இருக்குதா சித்தப்பா?" என்று அவள் கேட்டபோது, நான் சுவரில் தொங்கிய காலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

நம் கிளியனூரில் இல்லாத புற்றா? ஆனால் உங்கள் யோசனையே தனி. "யோவ் சகலை, புத்துல பால் ஊத்துறோம். உள்ள பாம்பு இருக்குதா, எலி இருக்குதா, யாருக்குத் தெரியும்? கடலோரமா போனா பாம்புப் பண்ணை இருக்குது. கண்ணாடிக்குள்ள வச்சி பேரே எழுதியிருக்கான். ஆளப் பார்த்து ஊத்திட்டு வந்துடலாம்." குற்றவாளிக்கு மறுக்க ஏது வாய்? வண்டியை எடுத்தேன். நீங்கள், மகள், ஒரு தூக்குப் பால், மஞ்சள் பூசிய ஆறு முட்டை. மரக்காணம் தாண்டுவதற்குள் பாலில் பாதி காரின் கால்மிதிக்குப் போய்விட்டது. இறங்கும்போது முட்டை ஐந்துதான் இருந்தது.

பண்ணையில் முதலில் வந்தது மீன் கூடம். சுறா, திருக்கை, தலைக்கு மேலே துடுப்படித்துப் போகிற ஆமை. மற்றவர்கள் வாய் பிளந்து பார்க்க, நீங்கள் தொட்டி தொட்டியாகக் கை காட்டி, "இது புட்டு வைக்கலாம்... இது முள்ளு ஜாஸ்தி" என்று சமைத்துக்கொண்டே வந்தீர்கள். முதலைக் குளத்தங்கரையில் ஒன்று வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. "சிமெண்டு பொம்மைக்கா டிக்கெட்டு?" என்றீர்கள். பொம்மை கண்ணைச் சிமிட்டியது. பின்னால் நகர்ந்து என் காலின்மேல் ஏறி நின்றீர்கள். இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை.

பாம்புக் கூடத்தில் நல்ல பாம்பைக் கண்டுபிடித்து, அதன் முன்னால் நீங்கள் கற்பூரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் ஊழியர் வந்தார்.

"அய்யா, தூக்குல என்னா?"

"பாலும்மா. அதுக்குத்தான்."

"அது பால் குடிக்காதுங்க."

"எங்க ஊர்ல குடிக்குது."

"உங்க ஊர்ல பூனை குடிச்சிருக்கும்."

உங்கள் மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். நீங்கள் விடவில்லை. ஜோசியர் சொன்னதை, ஏழு தலைமுறைப் பாம்புப் பழி உட்பட, ஒப்பித்தீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் தினமும் இதுங்க கூண்டைக் கழுவுறேன். என்னையே அதுக்கு அடையாளம் தெரியாது. ஏழு தலமுறைக்கு எங்க வஞ்சம் வச்சிக்கினு இருக்கும்?" என்றார். பிறகு, பாம்பு உரித்துப்போட்ட சட்டை ஒன்றை உங்கள் மகளிடம் நீட்டினார். அவள் தயங்கித்தான் வாங்கினாள். வாங்கியவள் துப்பட்டா மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, பாம்புக் கூண்டின் கண்ணாடியிலேயே தன்னைப் பார்த்து முன்முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். ஆம்பிளைகள் நாம் இருவரும் அதற்குள் வாசலுக்கு வெளியே இருந்தோம்.

அங்கிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் சட்டென்று போனை எடுத்துப் பையனின் மாமாவைக் கூப்பிட்டீர்கள்.

"பரிகாரம் ஆயிடுச்சிங்க. ஆமா, நேராவே கேட்டுட்டோம். பாம்புக்கு எம் பொண்ணு மேல ஒரு வருத்தமும் இல்லையாம். உங்களுக்குத்தான் இருக்குது. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேணாம். வச்சிடுறேன்."

வைத்துவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மிச்சப் பாலை நீங்களே குடித்தீர்கள்.

ஜாதகமே கேட்காத வல்லத்துப் பையன் அதற்கப்புறம்தான் பெண் கேட்டு வந்தான். ஆனாலும் பஜ்ஜி எனக்குள் செரிக்கவே இல்லை. உங்கள் காரியத்தன்று, பந்தியில் உட்கார்ந்தபடியே, உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்பாவுக்கு அப்பவே தெரியும் சித்தப்பா. அந்த மாமாவே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க அழுதுடுவீங்களாம். 'அழுற ஆம்பளய எனக்கு சமாளிக்கத் தெரியாது, வுடு. வாய்தான் ஓட்டை. கூப்புட்டா ஜல்தியா வண்டிய எடுத்துக்கினு வர்றானே'ன்னாரு."

நீங்கள் கணித்தது சரி. இலையை மூடிவிட்டுப் போய்க் காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

இப்போதும் யாராவது தோளில் கை போட்டு, "அந்தத் தெருப் பொண்ணு எப்படிங்க?" என்று கேட்கிறார்கள். "நல்ல பொண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். தெரிந்த மீதியையெல்லாம் வயிற்றில் சுமந்துகொண்டு வீடுவரை நடப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடுகிறது, சகலை.